எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள், ஆனால் முட்டி நழுவுகிறது: ஜவ்வு ஆபரேஷன் செய்தே ஆகணுமா?

நரசிங்கம்பட்டி அக்கா | மே 19, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 22 வயது. போன மாதம் 27ஆம் தேதி மேலூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா கபடி. பாடிப் போனவன் திரும்பும்போது ஒருத்தன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். கால் அவன் பிடியில் நிற்க, உடம்பு மட்டும் நடுக்கோட்டுப் பக்கம் திரும்பியது. முட்டிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம் தனக்கே கேட்டது என்கிறான். தூக்கி வந்து பந்தலில் உட்கார வைத்தோம். அடுத்த ஆட்டம் முடிவதற்குள் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அன்று இரவே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குதான்” என்று மாத்திரையும் பேண்டேஜும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் அப்பா ஊரில் உருவி விடுகிறவரிடம் கூட்டிப் போனார். மூன்று தடவை உருவியாயிற்று. வீக்கம் பாதி வற்றியது, வலியும் குறைந்தது. ஆனால் படி இறங்கினால் “முட்டி நழுவுதுக்கா” என்கிறான். நேற்று இன்னொரு எலும்பு டாக்டர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “ஜவ்வு கிழிஞ்சிருக்கு, எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க, ஆபரேஷன் தேவைப்படலாம்” என்றார். வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது. நான் தையல் மிஷின் மிதித்து வீட்டை ஓட்டுகிறவள். செலவு ஒரு பக்கம். தேவையில்லாமல் பையன் காலில் கத்தி வைக்கக் கூடாதே என்பதுதான் பெரிய கவலை.

வாடிவாசல் பங்காளி | மே 19, இரவு 10.05

பயப்படாதீங்க அக்கா. எனக்கும் இதே ஜவ்வுதான் கிழிந்தது. பாலமேட்டில் மாடு பக்கவாட்டில் வந்து முட்டியில் இடித்தது. டாக்டரே ஆபரேஷன் வேண்டாம் என்று ஆறு வாரம் பிரேஸ் போடச் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு அவனியாபுரத்தில் மாடு பிடித்தேன். ஜவ்வு தன்னால் சேர்ந்துவிடும்.

பழைய கட்டு | மே 19, இரவு 10.30

எங்கள் தாத்தா காலத்தில் எம்ஆர்ஐ இருந்ததா? புத்தூர்க் கட்டு போடுகிறவர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள். மூன்று கட்டு, முட்டை, மூங்கில் பத்தை, முடிந்தது வேலை. என் மச்சானுக்கு முழங்கை முறிந்து கட்டுப் போட்டுத்தான் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ராடு வைக்காமல் விட மாட்டார்கள்.

ஓய்வு சிஸ்டர் | மே 20, காலை 6.15

அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் வேலை பார்த்தவள், அதில் பாதி எலும்பு வார்டில். கட்டுப் போடுகிறவர்களை நான் திட்ட மாட்டேன். விலகாத முறிவு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, ஆடாமல் வைத்தாலே சேரும். அதைக் கட்டு போட்டு வைத்தாலும் சேரும், மாவுக்கட்டு போட்டு வைத்தாலும் சேரும். உங்கள் மச்சான் அந்த வகையாக இருக்கலாம். ஆனால் இந்தப் பையனுக்கு எலும்பே முறியவில்லை என்கிறார்கள். அப்புறம் எதைச் சேர்க்க மூங்கில் பத்தை?

கட்டுப் போட்டு வந்தவர்களில் நான் பார்த்து இன்னும் மறக்காத ஒன்று. தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவர், முழங்காலுக்குக் கீழே முறிவு, இறுக்கிக் கட்டிய கட்டோடு இரண்டாம் நாள் வந்தார். “ராத்திரி பூரா கத்துனாரு, கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்னு விட்டுட்டோம்” என்றார்கள். அவருடைய கட்டை விரலை நான் லேசாக மேலே தூக்கினேன், அலறிவிட்டார். பாதம் சில்லென்று இருந்தது. கீழ்க்காலில் தசைகள் தனித்தனி உறைகளுக்குள் இருக்கும். அடிபட்டு வீங்கும்போது உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பிக்கும். உடனே வந்திருந்தால் உறையைக் கீறிவிட்டு அழுத்தத்தை இறக்கியிருப்பார்கள். அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இது மாவுக்கட்டிலும் வரும், கட்டே போடாமலும் வரும். மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி, இரண்டையும் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அக்கா, பாதம் சூடாக இருக்கிறதா, விரல் அசைகிறதா என்று சொல்லுங்கள். இனி உருவ வேண்டாம். ரத்தம் கட்டிய முட்டியை உருவினால் கசிவும் வலியும்தான் கூடும்.

ஷேர் ஆட்டோ | மே 20, காலை 11.20

சிஸ்டர் சொன்னதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒத்தக்கடைப் பக்கம் விபத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. முன்னங்காலில் எலும்புக்கு மேலே வெறும் தோல்தானே, சதை கிடையாது. முதல் நாளே புண்ணைக் கழுவி, வெளியே கம்பிச் சட்டம் மாட்டினார்கள். புண் ஆறிய பிறகு முட்டியிலிருந்து உள்ளே ராடு இறக்கி, மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ. அஞ்சு மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. “மேல ஒரு ஸ்க்ரூவ எடுத்துருவோம், நடக்கும்போது எலும்புமேல எடை இறங்கட்டும், அப்பத்தான் கூடும்” என்றார் டாக்டர். எனக்கு அது புரியவே ஒரு வாரம் ஆனது. அப்புறம் பீடியையும் விடச் சொன்னார், புகைக்கிறவனுக்கு எலும்பு மெதுவாகத்தான் கூடுமாம். ஸ்க்ரூவை எடுத்தார்கள், பீடியை நானே எடுத்தேன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன்.

ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் பார்க்கிற திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கபடிக்கு அது வராது அக்கா, யாராவது சொன்னால் அலையாதீர்கள்.

பிசியோ தம்பி | மே 20, இரவு 8.50

அக்கா, வாடிவாசல் அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கிழிந்த ஜவ்வு வேறு, உங்கள் தம்பிக்குக் கிழிந்திருக்கக் கூடிய ஜவ்வு வேறு. முட்டியில் முக்கியமான கயிறுகள் நான்கு, எலும்புகளுக்கு நடுவே மெத்தைகள் இரண்டு. ஊரில் ஆறுக்கும் ஒரே பேர், ஜவ்வு. டாக்டர்களும் அவசரத்தில் அதையே சொல்லிவிடுகிறார்கள். பாதிச் சண்டை இந்த ஒரு வார்த்தையால் வருவது.

மாடு வெளிப்பக்கமாக இடித்தால் பெரும்பாலும் உள்பக்கத்துப் பக்கவாட்டுக் கயிறு கிழியும். அதற்கு ரத்த ஓட்டம் நன்றாக உண்டு, பிரேஸ் போட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கால் நிலத்தில் நிற்க உடம்பு முறுக்கினால் முட்டியின் நடுவில் இருக்கும் முன் சிலுவைக் கயிறு போகும், ஏசிஎல் என்பார்கள். ‘டப்’ சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம், அப்புறம் நழுவல், மூன்றும் சேர்ந்து வந்தால் பத்தில் ஏழெட்டு தடவை அதுதான் என்பது என் அனுபவம். அந்தக் கயிறுக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது, அறுந்ததும் முட்டிக்குள் ரத்தம் நிரம்பும். மெத்தை மட்டும் கிழிந்திருந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் தெரியும்.

டாக்டர் இழுத்துப் பார்த்தது வெறும் ஆட்டம் இல்லை. முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பது லாக்மன் சோதனை. கயிறு நன்றாக இருந்தால் ‘டக்’கென்று ஓர் இடத்தில் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காமல் வழுக்கி வரும். அடிபட்ட அன்று வலியில் தொடை இறுகிக்கொள்ளும், அன்றைக்கு எத்தனை கெட்டிக்கார டாக்டராக இருந்தாலும் ஏமாறலாம். பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முதல் கிளினிக்கில் அதைச் சொல்லி அனுப்பியிருக்கணும்.

ஸ்கேனுக்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். தம்பியைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், முட்டிக்குக் கீழே இரண்டு காலும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். குதிகால் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஆபரேஷன் வேணுமா வேண்டாமா என்பதைவிட எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நரசிங்கம்பட்டி அக்கா | மே 20, இரவு 10.15

சிஸ்டர், பாதம் சூடாகத்தான் இருக்கிறது, விரல் அசைகிறது.

தம்பி, இஞ்ச் டேப் வைத்தே அளந்துவிட்டேன். அடிபட்ட காலின் குதிகால் நாலரை இஞ்ச் மேலே நிற்கிறது. அழுத்தினால் நீளவில்லை, ஏதோ ரப்பர் துண்டு நடுவில் மாட்டியிருக்கிற மாதிரி திருப்பித் தள்ளுகிறது. இவ்வளவு நாள் வலிக்குப் பயந்து காலை மடக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிசியோ தம்பி | மே 20, இரவு 10.40

சரி, இனி தள்ளிப் போட வேண்டாம். வீங்கிய முட்டியில் தொடைப் பின்தசை இறுகியும் நீட்ட முடியாமல் போகலாம். ஆனால் வலி குறைந்த மூன்றாவது வாரத்திலும் ரப்பர் மாதிரி தடுக்கிறது என்றால், மெத்தை கிழிந்து நடுவில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஏசிஎல் காத்திருக்கும், மாட்டிய மெத்தை காத்திருக்காது. நாளாக நாளாக அது நசுங்கித் தைக்க முடியாமல் போகும். அழுத்தி நீட்டப் பார்க்காதீர்கள், ஊன்றுகோலோடு நடக்கட்டும்.

கணக்குப் பிள்ளை | மே 21, காலை 7.30

எல்லாம் ஸ்கேன் கமிஷன் வியாபாரம். கையால் பார்த்தே தெரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் எம்ஆர்ஐ எதற்கு? 2010இல் ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். ஏசிஎல் அறுந்தவர்களில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதலில் உடற்பயிற்சி. இரண்டு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் முட்டி ஒரே மாதிரி. இதை எந்த டாக்டரும் சொல்வதில்லை.

பிசியோ தம்பி | மே 21, பிற்பகல் 1.10

நல்ல ஆய்வு அண்ணே, நானே நோயாளிகளிடம் சொல்வேன். வயல் வேலை, பைக், மாடிப்படி என்று மட்டும் இருக்கிற எத்தனையோ பேர் தொடைத் தசையைத் தேற்றிக்கொண்டு ஏசிஎல் இல்லாமலே நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் முழுசாகப் படியுங்கள். பயிற்சிப் பக்கம் இருந்த 59 பேரில் 23 பேர் அந்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே ஆபரேஷனுக்குப் போனார்கள். தைத்தே ஆக வேண்டிய மெத்தைக் கிழிசல் இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. இந்தப் பையன் அங்கே போயிருந்தால் அவனையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எம்ஆர்ஐ கயிறுக்காக மட்டும் இல்லை, மெத்தைக்காக. அதைக் கையால் உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

கணக்குப் பிள்ளை | மே 21, பிற்பகல் 1.45

அந்த விலக்கை நான் பார்க்கவில்லை. சரி. ஆனால் கமிஷன் விஷயத்தில் என் கருத்து மாறாது.

பழைய கட்டு | மே 21, பிற்பகல் 2.00

அதில் நானும் உங்கள் பக்கம்.

நரசிங்கம்பட்டி அக்கா | மே 24, இரவு 9.00

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்குப் போனோம். கோரிப்பாளையத்தில் இறங்கி உள்ளே போய்ச் சீட்டு வாங்கவே ஏழரை மணி. அங்கிருந்த டாக்டர் முதலில் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டார். அதில்தான் ஒன்றும் இல்லையே என்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில் பேனா முனையை வைத்தார். அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு, எலும்பை விட்டுத் தனியாக நிற்கிறது! “இத யாரும் சொல்லலையா?” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்று தம்பியின் தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். அது குலசாமி கோயிலில் கட்டியது, எட்டு வருஷமாகக் கழற்றவில்லை. அம்மாதான் கடைசியில் அவிழ்த்து, அவன் வெளியே வரும் வரை உள்ளங்கையில் மூடியே வைத்திருந்தார். அரை மணி நேரம், உள்ளே தறி ஓடுகிற மாதிரி சத்தமாம்.

ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன், யாராவது விளக்குங்கள். ‘ஏசிஎல் கம்ப்ளீட் டியர்’, ‘மீடியல் மெனிஸ்கஸ் பக்கெட் ஹேண்டில் டியர்’, ‘டபுள் பிசிஎல் சைன்’, கடைசியில் எலும்பில் ‘கன்ட்யூஷன்’. இந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்து அப்பா எலும்பும் முறிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

பிசியோ தம்பி | மே 24, இரவு 9.50

அப்பாவிடம் சொல்லுங்கள், கன்ட்யூஷன் என்பது எலும்புக்குள் கன்றிப்போனது. முட்டி நழுவிய நொடியில் மேல் எலும்பும் கீழ் எலும்பும் மோதிக்கொண்ட தடம். தானாக ஆறிவிடும்.

பக்கெட் ஹேண்டில் என்றால் வாளிக் கைப்பிடி. உள்பக்கத்து மெத்தை பிறை மாதிரி இருக்கும். அது நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த பாதி வாளியின் கைப்பிடி சாய்கிற மாதிரி நடுவில் வந்து விழுந்திருக்கிறது. நீங்கள் சொன்ன ரப்பர் துண்டு அதுதான். பின் சிலுவைக் கயிறுக்குக் கீழே இன்னொரு கயிறு போலத் தெரிவதால் டபுள் பிசிஎல் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சில்லுக்குச் செகோன்ட் முறிவு என்று பேர், பாரிஸ் அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர். அவர் அதை எழுதியது 1879இல், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 16 வருஷம் முன்னால். இறந்தவர்களின் முட்டியை முறுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்தக் குருணை எக்ஸ்ரேயில் தெரிந்தால் உள்ளே ஏசிஎல் அறுந்திருக்க நிறைய வாய்ப்பு. அன்றைக்கே கண்ணில் பட்டிருந்தால் உங்களுக்கு மூன்று வாரம் மிச்சம்.

வாடிவாசல் பங்காளி | மே 24, இரவு 10.10

அக்கா, தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிச்சுக்கங்க. என் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன், எம்சிஎல் என்று போட்டிருக்கிறது, பிசியோ தம்பி சொன்ன உள்பக்கத்துப் பக்கவாட்டுக் கயிறு. எல்லாம் ஜவ்வு என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு இரண்டு பேருக்கும் இதே யோசனை சொல்லியிருக்கிறேன், நாளைக்குப் போய்ப் பார்க்கணும்.

ஓய்வு சிஸ்டர் | மே 25, காலை 6.00

செலவுக்கு: முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் எடுக்கலாம், வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். சிகிச்சையின் பேரைச் சீட்டில் டாக்டர் எழுதித் தந்த பிறகு காப்பீட்டு கவுன்டரில் காட்டிக் கேளுங்கள். வெறும் ‘ஜவ்வு ஆபரேஷன்’ என்று வாயால் கேட்டால் அங்கேயும் குழப்பம்தான் மிஞ்சும்.

நரசிங்கம்பட்டி அக்கா | ஜூன் 8, மாலை 5.30

ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள், பேசிக்கொண்டே இருந்தானாம். அதற்கு முன்னால் நான் டாக்டரிடம் கேட்டேன், “அறுந்த ஜவ்வைத் தைப்பீங்களா சார்?” கயிறைத் தைக்க மாட்டோம், தைத்தால் பெரும்பாலும் நிற்காது என்றார். தொடையின் பின்பக்கத் தசைநார் இரண்டை எடுத்து, நாலாக மடித்து, எட்டு மில்லிமீட்டர் தடிமனுக்குப் புதுக் கயிறு. எலும்பில் மேலேயும் கீழேயும் துளை போட்டு, நூல் கட்டி அதை உள்ளே இழுப்பார்கள். மேலே ஒரு சின்ன உலோகப் பட்டன், கீழே ஒரு ஸ்க்ரூ. மெத்தையை மட்டும் இடத்தில் தள்ளித் தைத்தார்களாம், கிழிசல் ரத்த ஓட்டம் உள்ள வெளி ஓரத்தில் இருந்ததால் தைக்க முடிந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிய்ந்த பாவாடை நாடாவை யாரும் தைப்பதில்லை, ஊக்கு மாட்டிப் புது நாடா கோப்போம். இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களிடம் “கேட்டுக்கங்க” என்றார்.

மெத்தை தைத்திருப்பதால் ஆறு வாரம் பிரேஸ், 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, ஊன்றுகோல். இப்போது செய்வதெல்லாம் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கீழே அழுத்துவதுதான். நேற்று டேப் வைத்துப் பார்த்தேன். நாலரை இஞ்ச் இருந்தது, இப்போது அரை இஞ்ச்.

ஷேர் ஆட்டோ | ஜூன் 8, மாலை 6.00

கபடிக்கு எப்போ திரும்பலாமாம்?

நரசிங்கம்பட்டி அக்கா | ஜூன் 8, இரவு 8.20

ஒன்பது மாதத்துக்கு முன்னால் கோட்டுப் பக்கமே வரக் கூடாது என்றுவிட்டார். அதுவும் இரண்டு காலின் பலத்தையும் சோதித்துப் பார்த்துத்தானாம். தம்பி விரல் விட்டு எண்ணி, மாசித் திருவிழாவுக்கு முடியாது, பங்குனி என்றான். அம்மா காதில் விழாதது போல எழுந்து போய்விட்டார்.

பிசியோ தம்பி | ஜூன் 8, இரவு 9.00

மூன்றாவது மாதம்தான் கவனம் அக்கா. வலி போய்விடும், நடை நன்றாகிவிடும், பையன் ஓடிப் பார்ப்பான். புதுக் கயிறு அந்தச் சமயத்தில்தான் பலவீனமாக இருக்கும். பைக் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டு | ஜூன் 9, காலை 8.10

தம்பிக்கு நல்லபடியாக ஆகட்டும். என் கையில் ஊன்றுகோல் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, மச்சானின் அப்பாவுக்கு வாங்கியது. வேணுமா?

நரசிங்கம்பட்டி அக்கா | ஜூன் 9, காலை 8.45

வாங்கியாச்சு அண்ணே, ரொம்ப நன்றி. ஆறு வாரம் முடிந்தால் எங்கள் பிரேஸும் சும்மாதான் கிடக்கும். இடது காலுக்கானது, நடுத்தர அளவு. தேவைப்படுகிறவர்கள் இங்கேயே சொல்லிவிட்டு ஒத்தக்கடை பஸ் ஸ்டாப் பக்கம் வாருங்கள், துவைத்து வைக்கிறேன்.